மேளத்துக்கு முந்திய சொல்

எங்கள் வீட்டு டிவியில் யாராவது அழத் தொடங்கினால் என் கை தானாகவே ரிமோட்டைத் தேடும். சத்தத்தை நிறுத்திவிடுவேன். என் கணவருக்கு இது ஓயாத கேலி. "அவங்களே பத்து வயலினை வச்சு மெனக்கெட்டு அழுறாங்க, உனக்கு ஏன் பொறுக்க மாட்டேங்குது" என்பார். எனக்கு அழுகைக் காட்சி ஆகாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை. வயலின் போன பிறகு அந்த முகத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அது. ஒன்பது வயதில் பிடித்தது, இன்னும் விடவில்லை. அந்தப் பழக்கத்தால் ஒருமுறை எங்கள் வீட்டில் நடந்ததை நான் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை.

பழக்கிவிட்டவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அத்தைக்கு ஏழு வயது. அப்பாதான் வளர்த்தார். அப்பா திண்டுக்கல்லில் வெங்காயப்பேட்டைக் கடை ஒன்றில் ஏலம் கூறுகிறவர். காலையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று அவர் குரல் எடுத்தால் ரோட்டில் போகிற பஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். வீட்டுக்கு வந்தாலோ பேச்சே கிடையாது. குரலைப் பேட்டையிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தவர் போல எல்லாவற்றுக்கும் கைதான். சோறு போதும் என்பதற்கு ஒரு கை, விசிறியைப் போடு என்பதற்கு ஒரு கை, வாயை மூடு என்பதற்கு ஒரு கை. எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கைகள் மனப்பாடம். அம்மா மட்டும் அவ்வப்போது, "ஊமையனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாக்கூட இம்புட்டு அபிநயம் பாத்திருக்க மாட்டேன்" என்று முணுமுணுப்பாள்.

அத்தை பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் படம் போடுவார்கள். அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்ததும் அத்தை ரிமோட்டைக் கையில் எடுப்பாள். அதில் பாதிப் பொத்தான்கள் தேய்ந்து போயிருந்தன. மியூட் பொத்தான் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. எங்களைத் தவிர அதை யாரும் தொட்டதில்லை.

கதாநாயகி மாலை போட்ட படத்துக்கு முன்னால் விழுந்து புரண்டு அழுவாள். நானும் மூக்கை உறிஞ்சத் தொடங்குவேன். அத்தை பொத்தானை அமுக்குவாள். வயலின் நின்றுவிடும். "பாரு, சின்ன வெங்காயம் உரிக்கிறா" என்பாள். உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். வில்லன் கத்தியோடு வந்தால் அத்தை வாய்க்குள்ளேயே தாலாட்டு முனகுவாள். அவன் தொட்டில் ஆட்ட வருகிறவன் ஆகிவிடுவான். குடும்பமே கூடி உட்கார்ந்து சிரிக்கிற காட்சிக்குத் தொடையில் சாவு மேளம் தட்டுவாள். அந்தச் சிரிப்பையெல்லாம் பார்க்க எனக்குக் குலை நடுங்கும். அடுத்த நிமிடமே கல்யாண மேளத்துக்கு மாறுவாள், பயம் போய்விடும். "மொகம் என்னமோ ஒண்ணுதாண்டி. பின்னாடி எதைத் தட்டுறமோ அதுவா ஆயிரும்" என்றாள் ஒரு நாள். அதை அவள் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

விளையாட்டின் இரண்டாம் பாதி, ஊமைப் படத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பது. வாடகைக்கு எடுத்த சிடி என்றால் திருப்பி ஓட்டி, சத்தம் வைத்துச் சரிபார்க்கலாம். இதில் நான் அத்தையைத் தூக்கிச் சாப்பிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்து நானாகவே சில விஷயங்களைப் பிடித்து வைத்திருந்தேன். 'ம'வும் 'ப'வும் உதடு ஒட்டாமல் வராது. 'வ' வரும்போது மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டுவிட்டுப் போகும். வாய் 'ம்' என்று மூடுகிறதா, திறந்தே நிற்கிறதா என்பதில் பாதி வார்த்தை தெரிந்துவிடும்.

வித்தை கைக்கு வந்தால் சும்மா இருக்குமா. எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் நின்று அம்மாவைப் 'பிசுநாறி' என்று யாரிடமோ சொன்னதை நான் எங்கள் ஜன்னலிலிருந்து படித்து அம்மாவிடம் ஒப்பித்தேன். ஒரு வாரத்துக்கு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முடிவில் அடி விழுந்தது எனக்குத்தான். "காதுல விழாததை எல்லாம் விழுந்துச்சுன்னு சொல்லித் திரியாத" என்று அம்மா கன்னத்தில் ஒன்று வைத்தாள். பார்த்ததைச் சொன்னால் சண்டை வரும் என்பது அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடம். அந்தப் பாடத்தை நான் கொஞ்சம் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டேன்.

அந்த வருஷமே அத்தைக்குச் சம்பந்தம் வந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிற குடும்பம். பேட்டை வழியாக அப்பாவுக்குப் பழக்கம். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார் என்றார்கள். அப்பாவே பேசாதவர் என்பதால் அது எங்கள் வீட்டில் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று நான் இரண்டு விஷயங்களுக்காகத் திட்டு வாங்கினேன். காலைப் பந்தியில் கேசரி வைக்க வந்தவரிடம் "வேணாம்" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். கல்யாண வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதாம். 'போதும்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். அப்புறம் முகூர்த்த நேரத்தில் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ஏன் இப்படிக் காது கிழிய அடிக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தி, காதோடு காதாகச் சொன்னாள். தாலி ஏறுகிற நேரத்தில் யாராவது தும்முவார்கள், யாராவது அழுவார்கள், யார் வாயிலிருந்தாவது ஆகாத சொல் ஒன்று விழும். அது பொண்ணு மாப்பிள்ளை காதில் விழக்கூடாது, அதற்குத்தான் கெட்டிமேளம். எங்கள் பக்கத்தில் அந்த மேளத்துக்குப் பெண்ணைக் கொடுக்கிறவர்தான் கை காட்ட வேண்டும். தகப்பன் இடத்தில் நின்று அப்பா கை காட்டினார். நான் காதைப் பொத்திக் கண்ணையும் மூடிக்கொண்டதில் தாலி கட்டியதையே பார்க்கவில்லை.

ஆடி பிறந்ததும் அழைத்து வந்தார்கள். அத்தை வருகிறாள் என்று நான் நாலு நாளாகத் தூங்கவில்லை. வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். காலையில் எழுந்ததும் டிவியைப் போடுவாள். செய்தி, சமையல், பாட்டு, எது ஓடினாலும் சரி, சத்தத்தை ஏற்றி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். விளையாடலாம் என்று நான் ரிமோட்டைத் தூக்கினால், "சத்தம் இருக்கட்டும்டி" என்பாள்.

ஏன் என்பது அடுப்படியில் தெரிந்தது. அத்தை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் தேங்காய் துருவுகிற சாக்கில் அங்கே இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரவேற்பு மேடையில், போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே அத்தையிடம் சொன்னாராம், இந்தக் கல்யாணத்தில் தனக்கு இஷ்டமில்லை, தன் அம்மா பூச்சி மருந்தைக் குடித்துவிடுவேன் என்றதால் ஒப்புக்கொண்டேன் என்று. அதற்கப்புறம் அவர் அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை நகர்த்துவார், போவார், வருவார். பிள்ளை பேசாததால் மாமியாரும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அம்மா, போகப் போகச் சரியாகிவிடும் என்றாள். அத்தை பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"அடிச்சாக்கூடப் பரவால்ல அண்ணி. அடிக்கிற சத்தமாச்சும் கேக்கும்."

திரும்பிப் போகமாட்டேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா 'பொறு' என்று ஒரு கை காட்டினார். ஆடி முழுக்க அந்தக் கை அப்படியே நின்றது.

அந்த மாதக் கடைசியில்தான் கல்யாண சிடி வந்தது. ஸ்டுடியோக்காரர் தன் வித்தையை எல்லாம் இறக்கியிருந்தார். பொண்ணும் மாப்பிள்ளையும் இதயத்துக்குள்ளிருந்து வந்தார்கள், அன்னப்பறவை மேல் போனார்கள், நேரில் போயிராத பனிமலையில் நின்றார்கள். தாலி கட்டுகிற இடத்தில் மட்டும் மேளச் சத்தத்தை எடுத்துவிட்டிருந்தார். மைக்கில் இரைச்சல் அதிகமாம். அதற்குப் பதிலாக வயலினும் ஒரு பெண் குரலின் முனகலும் ஓடின. படத்தை மெதுவாக்கி வேறு இருந்தார். அத்தை குனிந்திருந்த தலையை மெல்ல, மெல்ல நிமிர்த்தி, பக்கத்தில் நிற்கிற அப்பாவைப் பார்க்கிறாள். கண் நிறைந்திருக்கிறது. உதடு துடிக்கிறது. அப்பா குனிந்து அவளைப் பார்க்கிறார், நிமிர்கிறார், கையைத் தூக்குகிறார். வானத்திலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டுகின்றன.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் மிக்சர் தட்டோடு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பிசுநாறி என்று சொன்ன எதிர்வீட்டு அக்காவே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வளத்த அண்ணனை எப்புடிப் பாக்குதுன்னு பாரேன், பூரிச்சுப் போயி" என்றாள். அம்மா அழுதாள். நானும் அழுதேன். அப்பா கூட மூக்கைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் அழவில்லை.

ஆவணி முதல் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், அத்தையின் மாமியாரும் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் அழைத்துப் போக வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அம்மா முன்னாலேயே அத்தையின் பெட்டியை அடுக்கி வாசல் பக்கம் வைத்திருந்தாள். காப்பி குடித்து முடித்ததும் அத்தை அடுப்படி வாசலில் நின்றபடி, "நான் வரல" என்றாள். பெரியவர் கூரையைப் பார்த்தார். மாமியார் தம்ளரின் அடியைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாத அப்பா எழுந்து போய்க் கல்யாண சிடியைப் போட்டார். வந்தவர்கள் பார்த்ததில்லை என்பது சாக்கு. அந்த வயலினைக் கேட்டால் எல்லோர் மனசும், அத்தையின் மனசும், கொஞ்சம் இளகும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் அதை நம்பித்தானே எடுக்கிறார்கள்.

தாலிக் காட்சி வந்தது. எனக்குள் ஒரு யோசனை ஓடியது. இப்போது மியூட்டை அமுக்கினால் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிடும். 'பாரு, வெங்காயம் உரிக்கிறா' என்று தன்னைத்தானே சொல்வாள். பழைய அத்தை ஆகிவிடுவாள். அமுக்கினேன்.

வயலின் நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் அத்தை மெல்ல நிமிர்ந்தாள். பூரிப்பு எதையும் காணவில்லை. பயந்த முகம் அது. பேட்டையில் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை, தெரிந்த ஆளைத் தூரத்தில் பார்த்துவிட்ட மாதிரியான முகம். உதடு துடிக்கவில்லை. பேசியது. ஸ்டுடியோக்காரர் படத்தை மெதுவாக்கி வைத்த புண்ணியத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்தது. முதலில் வாய் திறந்தது. அப்புறம் மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டது. வாய் அகலமாகத் திறந்தது. உதடு ஒட்டி மூடியது. மறுபடி திறந்தது.

*அண்ணே, வேணாம்ண்ணே.*

அதற்கப்புறம்தான் அப்பாவின் கை மேலே போனது.

நான் ஆவலோடு திரும்பிப் பார்த்தேன். அத்தை சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாமியார், "ஏனுங்க தம்பி, படம் மட்டும் ஓடுது, சத்தத்தைக் காணோமுங்களே" என்றாள். அப்பா எழுந்து வந்து என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கினார். அடிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. டிவியையே அணைத்துவிட்டார். வந்தவர்களிடம், நாளைக் காலையில் நல்ல பதிலாகச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பி வைத்தார். அவர்கள் நத்தம் ரோட்டில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனார்கள்.

பொழுது சாய்கிற நேரம். அம்மாவும் அத்தையும் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசல் பக்கம் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பீரோவுக்கு மேலே வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கையால் கூப்பிட்டார். டிவியைப் போட்டு, அந்த இடத்துக்கு ஓட்டி, தானே மியூட்டை அமுக்கினார். அந்தப் பொத்தானை அவர் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"அத்தை என்னமோ சொன்னா. மேளத்துல எனக்குக் காதுல விழல" என்றார். வீட்டுக்குள் அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "உனக்குத்தான் தெரியுமாமே. பாத்துச் சொல்லு தாயி. என்ன சொல்றா?"

நான் பார்த்தேன். எனக்கு முன்னாலேயே தெரியும். இருந்தாலும் பார்ப்பது போல் பார்த்தேன். கேசரிக்காக விழுந்த கிள்ளு ஞாபகம் வந்தது. கேசரிக்கே அப்படியென்றால், மணவறையில் உட்கார்ந்துகொண்டு தாலி ஏறுகிற நேரத்தில் கல்யாணப் பெண்ணே அந்தச் சொல்லைச் சொன்னாள் என்று தெரிந்தால் அத்தையை என்ன செய்வார்கள். எதிர்வீட்டு அக்காவின் விவகாரமும் ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறந்தால் சண்டை வரும். அத்தை எனக்காக எத்தனையோ தரம் பொய் சொல்லி அடியிலிருந்து காப்பாற்றியிருக்கிறாள். இது என் முறை.

ஒன்பது வயது மூளைக்கு அது எப்படித்தான் தோன்றியதோ. 'வேணாம்' என்பதற்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. அதற்கும் வாய் அகலமாகத் திறக்கும், உதடு ஒட்டி மூடும். முதல் எழுத்தில் மட்டும், பல் உதட்டைத் தொடுவதற்குப் பதிலாக உதடு இரண்டும் சேரும். தெரியாதவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

"'அண்ணே, மேளம்ண்ணே'ன்னு சொல்லுது அத்தை. நீங்க கை காட்ட மறந்துட்டீங்கள்ல, அதான்."

அப்பா திரையைப் பார்த்தார். தன் உதட்டாலேயே, சத்தம் வராமல், 'மேளம்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மேளம்னா சொல்றா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாத் தெரியுமா?" நல்லாத் தெரியும் என்றேன். அவர் தோள் இறங்கியது. என் தலையைத் தடவிக் கொடுத்தார். அதற்குமுன் அவர் அப்படிச் செய்ததே இல்லை. பிறகு எழுந்து, பீரோவுக்கு மேல் இருந்த பெட்டியை இறக்கி, மறுபடியும் வாசல் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். இந்த அப்பாவுக்கு ஒரு பெட்டியை எங்கே வைப்பதென்று கூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அத்தையை அடியிலிருந்து காப்பாற்றிய பெருமையில் அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் வந்தவர்களோடு அப்பாவும் போய் அத்தையை விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. அத்தை சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். முந்தின நாள் சொன்னதை அவள் மறுபடி சொல்லவில்லை. அழவும் இல்லை. வாசலில் நின்று, "போறேன் அண்ணி" என்றாள். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாரேன்னு சொல்லு பிள்ள" என்றாள். அத்தை அதைத் திருத்தவில்லை. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவேன் என்று அடம்பிடித்து அழுதேன். அம்மா என்னைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

அத்தைக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊர் முடிவு செய்துகொண்டது. பிள்ளைகளுக்குப் பேச்சு வந்த பிறகுதான் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் வந்தது என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னாளாம். நல்லது கெட்டதுக்கு வருவாள், ஓரமாக உட்கார்ந்திருப்பாள், 'ங்க' போட்டு மெதுவாகப் பேசுவாள். தொடையில் மேளம் தட்டியது இவள்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், தாலி கட்டுகிற நேரம் நெருங்கியதும் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவார். இலை போடுவதற்கு முன்னாலேயே தனியாக உட்கார்ந்திருப்பார். 'பந்திக்கு முந்து' என்பதை இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று சொந்தத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். சாப்பாட்டுக்கு இப்படிப் பறப்பாரா ஒரு மனுஷன் என்று நானும் பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

என் கல்யாணத்தில் அவரால் எழுந்து போக முடியவில்லை. கை காட்ட வேண்டியவர் அவர்தான். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா மேளக்காரர்களைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அது 'அடி' என்கிற கை இல்லை, 'நிறுத்து' என்கிற கை. வாசித்துக்கொண்டிருந்த நாதஸ்வரமும் நின்றுவிட்டது. மண்டபமே நிசப்தமானது. யாரோ இருமினார்கள். சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பா என் பக்கம் குனிந்தார்.

"ஏதாச்சும் சொல்லணுமா தாயி?"

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ பதற்றம். "இல்லப்பா. நேரமாகுது" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வெளியே போவதை மேளச் சத்தத்துக்கு நடுவே பார்த்தேன். எங்கள் கல்யாண வீடியோவில் அந்த இடத்துக்கு ஒரு புல்லாங்குழலைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் மகளைப் பிரிகிற தகப்பனுக்காகக் கண் கலங்குகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் பழக்க தோஷத்தில் அங்கே மியூட்டை அமுக்கினேன். புல்லாங்குழல் போன பிறகு அப்பாவின் முகத்தில் பிரிவு எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. அத்தனை வருஷமும் அவர் அந்தப் பெட்டியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றைக்கு நான் உட்கார்ந்து அழுதேன்.

அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாள் போனது. போன வருஷம் அவரும் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, பிள்ளைகள் டிவியைப் போட்டுவிட்டு எங்கேயோ ஓடிவிட்டார்கள். நானும் அத்தையும் மட்டும் இருந்தோம். ஏதோ ஒரு படத்தில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். என் கை பொத்தானுக்குப் போய்விட்டது. சத்தம் நின்றதும் அத்தை, என்னைப் பார்க்காமலே, "வெங்காயம் உரிக்கிறா" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மணவறையில் சொன்ன சொல் எனக்குத் தெரியும் என்பதை, அப்பா கேட்டதை, நான் மாற்றிச் சொன்னதை. அத்தை ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்டி" என்றாள். 'ங்க' போய், பழைய திண்டுக்கல் பேச்சு வந்திருந்தது. "அன்னைக்கு பஸ்ஸுல அண்ணன் கேட்டாரு. 'நீ மேளம்னா சொன்ன? பிள்ள பாத்துச் சொல்லுச்சு'ன்னு. மொகத்துல அம்புட்டு நிம்மதி. இல்லைன்னு சொன்னா உன்னையப் பொய்க்காரின்னு போட்டு அடிப்பாரு. எப்புடியும் கொண்டுபோயி விடுறதுன்னு முடிவு பண்ணிட்டாரு, இனிமே சொல்லி என்னத்துக்கு. ஆமாண்ணே, மேளம்னுதான் சொன்னேன்னுட்டேன்."

அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "நீ சொன்னதுனால ஒண்ணும் ஆகிறலடி. அண்ணன் முன்னாடியே முடிவு பண்ணியாச்சு" என்றாள் மறுபடியும்.

திரையில் அந்தப் பெண் இன்னும் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பீரோவுக்கு மேலே ஏறி இறங்கிய பெட்டியைப் பற்றி நான் அத்தையிடம் சொல்லவில்லை.